வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்

(தோட்ட மக்கள் கூட்டம் ஒன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, பால்மரங்களை வெட்டி, பகற்பொழுதில் களைப்புடன் திரும்பியுள்ள உங்களை நீண்ட நேரம் இருத்தி வைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்கள் தலைக்கு மேல் உள்ள கூரையைப் பற்றியது. ஆகையால், சற்றுப் பொறுமையுடன் செவிமடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் பாட்டனாரும் பெற்றோரும் லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். வேலை இருந்தவரை வீடு இருந்தது. வாடகை என்னும் சொல்லே அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. இன்று நிலைமை மாறியுள்ளது. தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறிவிட்டன. உங்கள் பிள்ளைகளுள் பலர் பட்டணத்துத் தாமான்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். வேலை ஓய்வு பெற்றவர்களும் அவ்வாறே சென்றுள்ளனர். மற்றொரு பக்கத்தில், சேமநிதிப் பணத்தைக் கொண்டு மலிவு விலை வீடொன்றை வாங்கி, அதனை வாடகைக்கு விட்டிருப்போரும் நம்மிடையே உள்ளனர். ஆகவே இன்று நான் பேசப்போவது குடியிருப்பவருக்கும் உரியது, வீட்டுக்காரருக்கும் உரியது.

வாடகைக்கு விட்ட ஒரு வீட்டைத் திரும்பப் பெற விரும்பும் வீட்டுக்காரர், அதற்கு முன்னர் எழுத்து ஒப்பந்தப்படி ஆற்ற வேண்டிய கடமைகள் யாவை? இதுவே நம் கேள்வி.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தையார் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தாயார் நோயுற்றவர். மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பேரப்பிள்ளைகள் இருவர் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் பயில்கின்றனர். மாதம் 600 வெள்ளி வாடகையில் ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கின்றனர். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்காரர் வாசலில் நின்று, “அடுத்த வாரத்திற்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள், என் தங்கைக்கு வேண்டும்” என்கிறார். அக்குடும்பம் என்ன செய்வது? பிள்ளைகள் பள்ளி ஆண்டின் நடுவில் எங்கே போவார்கள்? கட்டிய முன்பணம் திரும்புமா? ஒரு வாரத்தில் வேறு வீடு கிடைக்குமா?

இக்கேள்விகளுக்கு விடை ஒரு தாளில் இருக்கிறது. அத்தாள் இருக்கிறதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அக்குடும்பத்தின் அடுத்த சில மாதங்கள் அமையும்.

ஒப்பந்தம் எதற்கு?

வாடகை வீட்டுக்கு ஒரு காலத்தில் தனிச் சட்டம் இருந்தது உண்மையே. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடிக்கப்பட்ட பழைய கட்டடங்களில் குடியிருந்தோருக்குப் பாதுகாப்பு அளித்தது. பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் முதலிய ஊர்களின் பழைய கடைவீடுகளில் வாழ்ந்தோர் அதனை நன்கறிவர். அச்சட்டம் 1997ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பழைய குடியிருப்பாளருக்கு வழங்கப்பட்ட இடைக்கால அவகாசமும் 1999 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே, “பல்லாண்டு இருந்துவிட்டோம், இனி நம்மை யாரும் அசைக்க முடியாது” என்று எவரும் இன்று எண்ணியிருத்தல் கூடாது.

குடியிருப்பு வாடகைக்கென்றே தனிச் சட்டம் இயற்றுவது பற்றி அரசாங்கம் ஆலோசித்து வந்துள்ளது. அத்தகைய சட்டம் இல்லாத நிலையில், வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவை ஆள்வது முதன்மையாக அவ்விருவரும் செய்துகொண்ட ஒப்பந்தமே ஆகும். அதற்குத் துணையாக 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1956ஆம் ஆண்டு குடிமையியல் சட்டம் ஆகியன நிற்கின்றன. இவற்றுள் தேசிய நிலச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்குரியது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு நிலச் சட்டங்கள் உள்ளன.

மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகையை வாய்ச்சொல்லாலும் ஏற்படுத்தலாம், எழுத்தாலும் ஏற்படுத்தலாம். ஆகவே எழுத்து இல்லை என்பதனால் மட்டும் வாடகை உறவே இல்லை என்றாகிவிடாது. ஆனால் எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணம் எவ்வளவு, பழுதுபார்ப்பது யார் என்பனவற்றை மெய்ப்பிக்க வாய்ச்சொல் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வாடகை விவகாரத்திலோ ஏட்டில் உள்ளதே உதவும்.

எழுதிய ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி செலுத்துதல் வேண்டும். கையொப்பமிட்ட 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வாரியத்தின் வழியாக இதனைச் செய்யலாம். முத்திரையிடாத ஒப்பந்தத்தை 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின்படி நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. காலம் கடந்துவிட்டாலும் அபராதத்துடன் முத்திரையிட வழியுண்டு. சில பத்து வெள்ளிகளை மிச்சப்படுத்துவதாக எண்ணி இதனை விட்டுவிடுவோர், பின்னர் தாம் எழுதிய தாளையே பயன்படுத்த இயலாமல் தவிப்பர்.

இனி, வீட்டுக்காரரின் கடமைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் கடமை: காலவரையறையை மதித்தல்

ஒப்பந்தம் ஓராண்டுக்கு அல்லது ஈராண்டுக்கு என்று எழுதப்பட்டிருப்பின், அக்காலம் முடியும்வரை குடியிருப்பவருக்கு அவ்வீட்டில் இருக்கும் உரிமை உண்டு. இடையிலே நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தால், அல்லது குடியிருப்பவர் ஒப்பந்தத்தை மீறியிருந்தால் மட்டுமே வீட்டுக்காரர் முன்கூட்டியே முடிக்க முயலலாம். தங்கைக்கு வீடு வேண்டும், கூடுதல் வாடகை தர வேறொருவர் வந்துள்ளார் என்பனவெல்லாம் வீட்டுக்காரருக்கு நல்ல காரணங்களாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் இடமில்லாதபோது அவை செல்லுபடியாகும் காரணங்கள் ஆகா.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே, “முன்கூட்டி முடித்தல்” பற்றிய விதியைத் தேடிப் படியுங்கள். அது இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறதா, வீட்டுக்காரருக்கு மட்டும் உரிமை தருகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள். பள்ளி ஆசிரியரிடமோ படித்த பிள்ளையிடமோ கொடுத்து, ஒவ்வொரு விதியையும் தமிழில் சொல்லக் கேட்டு, அதன் பின்னரே பேனாவை எடுங்கள்.

இரண்டாவது கடமை: எழுத்தில் முன்னறிவிப்பு

ஒப்பந்தத்தை முடிக்க விரும்பும் வீட்டுக்காரர் ஒப்பந்தம் குறிக்கும் கால அளவுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். ஒரு மாதம் என்றிருந்தால் ஒரு மாதம். இரண்டு மாதம் என்றிருந்தால் இரண்டு மாதம். வாசலில் நின்று சொன்னதும், அண்டை வீட்டாரிடம் சொல்லி அனுப்பியதும், எழுத்து அறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தம் கூறும் இடத்தில் அறிவிப்பாகா.

அறிவிப்பில் என்ன இருக்க வேண்டும்? வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, எந்த விதியின்படி முடிக்கப்படுகிறது, வீட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டிய நாள், வீட்டுக்காரரின் பெயர், கையொப்பம், தேதி ஆகியவை இருக்க வேண்டும். அதனை எவ்வாறு சேர்ப்பிப்பது என்பதையும் ஒப்பந்தம் பெரும்பாலும் கூறியிருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பலாம். அல்லது நேரில் கொடுத்து, நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று கையொப்பம் வாங்கலாம். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால் போதும் என்று ஒப்பந்தம் சொல்லாவிடில், அதனை மட்டும் நம்பியிருப்பது வீட்டுக்காரருக்கே ஆபத்து.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல், மாதா மாதம் வாடகை கொடுத்து வாழ்பவர்களின் நிலை என்ன? அத்தகைய மாதாந்தர வாடகையை முடிக்க ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்பதே பொதுவான நெறி. வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குமாயின், மார்ச் 10ஆம் நாள் கொடுத்த அறிவிப்பு ஏப்ரல் மாத இறுதியில் முடிவுறுமாறு அமைவதே முறை. நாம் முன்னர்க் கண்ட குடும்பத்திற்கு எழுத்து ஒப்பந்தமே இல்லையென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் “ஒரு வாரத்தில் வெளியேறு” என்பது முறையான அறிவிப்பு ஆகாது. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சிறிதே. ஈராண்டு ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தால், அந்தப் பள்ளி ஆண்டை முடிக்கும்வரையேனும் அவர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது கடமை: குறையைச் சுட்டிக்காட்டித் திருத்த அவகாசம் தருதல்

வாடகை நிலுவை, வீட்டை மற்றவருக்கு உள்வாடகைக்கு விடுதல், அனுமதியின்றிச் சுவரை இடித்தல் போன்றன ஒப்பந்த மீறல்கள். மீறல் நிகழ்ந்துவிட்டது என்பதற்காக உடனே வெளியேற்றிவிட முடியாது. குடியிருப்பவரின் உரிமையைப் பறிப்பதாயின், எந்த மீறல் நிகழ்ந்தது என்பதை எழுத்தில் குறிப்பிட்டு, அது திருத்தக்கூடியதாயின் நியாயமான காலத்திற்குள் திருத்துமாறு கேட்க வேண்டும் என்று தேசிய நிலச் சட்டம் வகுத்துள்ளது. ஒப்பந்தங்களிலும் வாடகை இத்தனை நாள் தாமதமானால் அறிவிப்பு, அதற்குப் பின் இத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருப்பது வழக்கம்.

இவ்விடத்தில் குடியிருப்போரே கவனிக்க! அறிவிப்புக் கடிதம் வந்தால் அதனை மடித்து அலமாரியில் செருகிவிடாதீர்கள். அதில் கூறியுள்ள அவகாசம் உங்களுக்காகவே தரப்பட்டது. நிலுவையைச் செலுத்தி, ரசீது பெற்று, “இன்ன தேதியில் இவ்வளவு செலுத்திவிட்டேன்” என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். அவகாசத்தை வீணடித்தவர் பின்னர் நீதிமன்றத்தில் நின்று நியாயம் கேட்பது கடினம்.

நான்காவது கடமை: புதுப்பித்தல் உரிமைக்கு மதிப்பளித்தல்

“குடியிருப்பவர் விரும்பினால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம்” என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. அதற்கு முன்னதாக, ஒரு மாதத்திற்கோ இரு மாதங்களுக்கோ முன்னர், குடியிருப்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கும். அவர் உரிய காலத்தில் தெரிவித்து, ஒப்பந்தத்தையும் மீறாதிருப்பின், வீட்டுக்காரர் அவ்விதியை மதித்தே ஆகவேண்டும். உரிய காலத்தில் தெரிவிக்கத் தவறினாலோ அவ்வுரிமை கைநழுவிப் போகும். எனவே ஒப்பந்தம் முடியும் நாளை வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

ஐந்தாவது கடமை: முன்பணக் கணக்கை நேர் செய்தல்

நம் நாட்டில் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், மின்சாரக் கட்டணத்திற்கான முன்பணமாகவும் வாங்குவது வழக்கமாகியுள்ளது. இது சட்டம் விதித்த அளவன்று, வழக்கம் மட்டுமே. மாத வாடகை 600 வெள்ளியாயின், இவ்விரு முன்பணமும் சேர்ந்து 1,500 வெள்ளி. ஒரு பாட்டாளிக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் இரு தரப்பாரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, மின்சார, தண்ணீர் மீட்டர்களின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடைந்த சன்னல் கண்ணாடிக்கு 80 வெள்ளி, நிலுவைத் தண்ணீர்க் கட்டணம் 45 வெள்ளி என்று கழிவுகள் இருப்பின், வீட்டுக்காரர் அவற்றை இனவாரியாக எழுதிக் காட்டி, எஞ்சிய 1,375 வெள்ளியை ஒப்பந்தம் கூறும் நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பல ஆண்டுகள் புழங்கியதனால் சாயம் மங்குவதும் தரை தேய்வதும் இயல்பான தேய்மானம். “இயல்பான தேய்மானம் நீங்கலாக” என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் உள்ளனவா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிபுகும் நாளிலேயே சுவர், கதவு, குழாய், மின்விளக்கு ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்தல் இரு தரப்புக்கும் நன்மை தரும். இன்று எல்லார் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. அதனை இதற்கும் பயன்படுத்துங்கள்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். “எப்படியும் முன்பணம் திரும்பாது” என்று எண்ணி, கடைசி இரு மாத வாடகையைக் கொடாமல் நிறுத்திவிடுவோர் உளர். வீட்டுக்காரர் எழுத்தில் இசைந்தாலன்றி அதுவும் ஒப்பந்த மீறலே.

ஆறாவது கடமை: நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றாதிருத்தல்

தோழர்களே, இன்றைய உரையில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்வதாயின் இதனைக் கொள்ளுங்கள். முறையான அறிவிப்புக் கொடுக்கப்பட்டு, வாடகைக் காலமும் முடிந்த பின்னர், குடியிருப்பவர் இன்னும் வீட்டை விட்டு நீங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றவோ, பொருள்களை வெளியே வீசவோ, ஆள்களை அனுப்பி மிரட்டவோ உரிமையற்றவர். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதனைத் தெளிவாகக் கூறுகிறது: வாடகைக்கு விடப்பட்ட வீட்டை, வாடகை முடிந்த பின்னும் சட்டப்படி அதில் குடியிருந்தவரிடமிருந்து நீதிமன்ற நடவடிக்கையின் வாயிலாக மட்டுமே மீட்க முடியும். “24 மணி நேரத்தில் வெளியேற்றலாம்” என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பினும் இப்பிரிவை மீறிச் செல்ல இயலாது.

தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துக் குடியிருப்பவரைத் தாமாகவே ஓடச் செய்வதும் அத்தகையதே. வாடகையை ஒழுங்காகச் செலுத்துபவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கும் உரிமையை அது கெடுக்கிறது.

வாடகை நிலுவைக்காகக் குளிர்ப்பெட்டியையோ தொலைக்காட்சியையோ வீட்டுக்காரர் தாமே எடுத்துச் செல்லவும் கூடாது. அதற்கு 1951ஆம் ஆண்டு பொருட்பறிமுதல் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் ஆணை பெற வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்களுக்கு மேற்படாத நிலுவைக்கே அவ்வழி உண்டு. அந்நிலையிலும் குடும்பத்தாருக்கு இன்றியமையாத உடைகளும் படுக்கைகளும் பறிமுதலிலிருந்து விலக்கப்பட்டுள்ளன.

குடியிருப்பவரின் பொறுப்பு

உரிமைகளைக் கூறிய நான் பொறுப்பையும் கூறாவிடில் அது நடுநிலையாகாது. வாடகைக் காலம் முறைப்படி முடிந்த பின்னும் வீட்டைப் பிடித்து வைத்திருப்பவரிடமிருந்து, வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும் நாள்வரை இருமடங்கு வாடகை கோரும் உரிமையைக் குடிமையியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு வீட்டுக்காரருக்கு அளித்துள்ளது. 600 வெள்ளி வாடகை மாதம் 1,200 வெள்ளியாகிவிடும். நீதிமன்ற நடவடிக்கை சில மாதங்கள் நீடித்தால், சேமித்த பணமெல்லாம் கரைந்துபோகும். ஆகவே அறிவிப்பு முறையானதாக இருந்து, உங்களுக்கு எதிர்வாதமும் இல்லையென்றால், அவகாசத்தைக் கொண்டு வேறு வீடு தேடுவதே அறிவுடைமை. கூடுதலாக ஒரு மாதம் தேவைப்படின் வீட்டுக்காரரிடம் பணிவுடன் கேட்டு, அவர் இசைந்தால் அதனையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரும் நம்மைப் போன்றவரே என்பதை மறத்தலாகாது. வங்கிக் கடனில் வாங்கிய வீட்டிற்கு மாதத் தவணை கட்ட வேண்டியவர் அவர். ஆறு மாதம் வாடகை வராவிட்டால் அவருடைய வீடே ஏலத்திற்குப் போகக்கூடும். நம் தோட்டத்திலிருந்து சென்று வீடு வாங்கியவருக்கும் இத்துன்பம் நேர்ந்திருக்கலாம். அவரும் சினங்கொண்டு பூட்டை மாற்றாமல், அறிவிப்பு, அவகாசம், நீதிமன்றம் என்ற வரிசையில் சென்றால்தான் தம் பக்க நியாயத்தை இழக்காமல் இருப்பார். பதறாத காரியம் சிதறாது. அறிவிப்புக் காலம் முடிந்த பின்னும் வழக்கம்போல் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால், புதிய வாடகை உறவு தொடங்கியதாக வாதிட இடமேற்படும் என்பதையும் வீட்டுக்காரர் நினைவில் வைத்தல் வேண்டும்.

வீடு விற்கப்பட்டால்

குடியிருக்கும்போதே வீடு வேறொருவருக்கு விற்கப்படுவதுண்டு. மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகை, நில உரிமைப் பத்திரத்தில் குறிப்பாகப் பதியப்பட்டிருந்தாலன்றி, நல்லெண்ணத்துடன் வாங்கிய புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது என்பது தேசிய நிலச் சட்டத்தின் நிலை. நில அலுவலகத்தில் விண்ணப்பித்து அக்குறிப்பைப் பெறலாம். நெடுங்காலம் குடியிருக்க எண்ணுவோர் இதனைப் பற்றி விசாரித்து அறிதல் நன்று. அன்றியும், “வீட்டை விற்பதாயின் நடப்பு ஒப்பந்தத்திற்கு உட்பட்டே விற்க வேண்டும்” என்ற விதியை எழுதும்போதே சேர்க்குமாறு கேளுங்கள். புதியவர் வந்து “வாடகையை இனி என்னிடம் கொடு” என்றால், பழைய வீட்டுக்காரரிடமிருந்து எழுத்தில் உறுதிபெறாமல் கொடுக்காதீர்கள். முன்பணம் யார் கையில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

லயத்து வீட்டைப் பற்றி

“ஐயா, நாங்கள் இருப்பது தோட்டத்து வீடாயிற்றே, எங்களுக்கு இது பொருந்துமா?” என்று சிலர் மனத்தில் கேட்பது எனக்குப் புரிகிறது. வேலையோடு தரப்படும் வீட்டில் குடியிருப்பவரைச் சட்டம் பொதுவாக வாடகைக்காரர் எனக் கருதுவதில்லை. அவ்வீடு உங்கள் வேலை ஒப்பந்தத்தைச் சார்ந்தது. ஆகவே நான் கூறிய வாடகை விதிகள் அப்படியே அதற்குப் பொருந்திவிடும் என்று கொள்ள வேண்டாம். லயத்து வீடுகள் எத்தகைய தரத்தில் இருக்க வேண்டும் என்பதனைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

ஆயினும் எழுத்தின் தேவை அங்கும் அதுவே. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வேலையை முடிக்கும் அறிவிப்பு எழுத்தில் இருத்தல் வேண்டும். வேலை ஒப்பந்தம் வேறு கால அளவைக் கூறாவிடில், ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குக் குறைவாகச் செய்தவருக்கு 6 வாரம், ஐந்தாண்டும் அதற்கு மேலும் செய்தவருக்கு 8 வாரம் என்பது அச்சட்டத்தின் அளவு. தோட்டம் கைமாறுகிறது, வேலை நிற்கிறது, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று கிராணியோ தண்டலோ வாயால் சொன்னால், எழுத்தில் தருமாறு கேளுங்கள். அத்தாளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவையும் உங்கள் தொழிற்சங்கத்தையும் நாடுங்கள். அவர்களைக் கேட்காமல் எந்த இழப்பீட்டுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

கடிதம் வந்தால் செய்ய வேண்டுவன

இதுவரை கூறியவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். வீட்டைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தால், முதலில் உறையின் மீது கிடைத்த தேதியை எழுதி வையுங்கள். ஒப்பந்தத்தை எடுத்து, கால அளவும் அறிவிப்பு முறையும் ஒத்துள்ளனவா என்று சரிபாருங்கள். வாடகையை நிறுத்தாதீர்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்திச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் எழுத்தில் பதில் அனுப்புங்கள். அது நீண்ட கடிதமாக இருக்க வேண்டியதில்லை. நீதிமன்றம் வரை செல்லக்கூடிய கடிதமாகையால் மலாயில் எழுதுவது நன்று. அதன் பொருள் இவ்வாறு அமையலாம்:

“தங்கள் கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது. நம் ஒப்பந்தத்தின் இன்ன விதி இரண்டு மாத எழுத்து அறிவிப்பு வேண்டும் என்கிறது. தாங்கள் ஒரு வார அவகாசமே அளித்துள்ளீர்கள். ஒப்பந்தப்படியான அறிவிப்பை வேண்டுகிறேன். இதுவரை வாடகை நிலுவை ஏதுமில்லை. இனியும் உரிய நாளில் செலுத்துவேன்.”

பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்தினால், கைகலப்பில் இறங்காமல், காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலைப் பெறுங்கள். படம் எடுத்து வையுங்கள். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவுக்கு மாநிலங்களில் அலுவலகங்கள் உள்ளன. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் உள்ளன. வருமானம் குறைந்தோர் தங்கள் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், ரசீதுகள் ஆகியவற்றுடன் அங்குச் செல்லலாம். முன்பணம் திரும்பாத வழக்காயின், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்கீழ் 5,000 வெள்ளிக்கு மேற்படாத சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இன்றியே தாக்கல் செய்ய வழி வகுக்கப்பட்டுள்ளது. அதற்கான படிவம் எது, கட்டணம் எவ்வளவு என்பதை நீதிமன்றப் பதிவகத்தில் கேட்டறியலாம்.

தாய்மார்களுக்குச் சிறப்பாக ஒரு வேண்டுகோள். வீட்டில் தாள்களைக் காப்பவர் பெரும்பாலும் நீங்களே. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியில், வாடகை ஒப்பந்தத்திற்கும் ரசீதுகளுக்கும் ஓர் உறை வையுங்கள். வாடகை கொடுத்த அன்றே ரசீது வாங்குங்கள். ரசீது தராத வீட்டுக்காரராயின், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி அவரிடம் கையொப்பம் பெறுங்கள். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், உங்களிடம் அல்லது பட்டணத்தில் உள்ள உங்கள் மகனிடம், மகளிடம் அத்தகைய ஒப்பந்தம் இருக்கிறதா, அது முத்திரையிடப்பட்டதா, எந்நாளில் முடிகிறது என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வாடகை நாளன்று வீட்டுக்காரரிடம் அதைப் பற்றிப் பேசத் தொடங்கச் சொல்லுங்கள். நல்லுறவு இருக்கும்போது எழுதிக்கொள்வதே எளிது. மனக்கசப்பு வந்த பின்னர் எவரும் பேனாவை எடுக்கமாட்டார்.

கேள்விகள் இருப்பின் கூட்டம் முடிந்ததும் தயங்காமல் என்னிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்துள்ளோர் இருந்தால், அமர்ந்து சேர்ந்தே படிப்போம்.